கட்டிலுக்கு ஒரு கால்

உத்திரமேரூரில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், மரம் கடையும் பெரிய லேத் ஒன்றை வீட்டுக் கூடத்திலேயே வைத்திருந்தார். புருவமெல்லாம் மரத்தூள். என் கட்டிலுக்கு ஒரு கால் கடைந்துதரச் சொல்லி வேப்பங்கட்டை கொடுத்தேன்.

கால் அழகாக வந்தது. "போதும் சார்" என்றேன்.

"இரு நைனா, இன்னும் கொஞ்சம் நைஸ் பண்ணிடறேன்."

கால் பூரிக்கட்டையாக இளைத்தது. அவர் மனைவி எட்டிப் பார்த்து, "எங்க வூட்ல இந்த மாரி ஏழு பூரிக்கட்ட கீது. எல்லாம் கட்டில் காலுக்கு வந்ததுதான்" என்றார்.

அவர் நிறுத்தவில்லை. கட்டை ஒடிந்தது. மிஞ்சிய துண்டில் ஒரு பம்பரம் கடைந்து என் உள்ளங்கையில் வைத்தார். "இன்னாமா வந்துகீது பாரு."

நன்றாகத்தான் சுற்றுகிறது. கட்டிலுக்கு இப்போதைக்குச் செங்கல்தான். அடுத்த முறை அவரிடம் தூண் கேட்கப்போகிறேன். கட்டில் கால் கிடைத்துவிடும்.