பீரங்கியாரின் துப்பாக்கித் துளைகள்

அந்தச் செங்கல் தேவாலயத்தைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் அதற்கு முன்பு கட்டியதெல்லாம் பட்டாளத்துக் குதிரை லாயங்கள்தான். கை பழகிப்போயிருக்கும் போல. உச்சியில் இருக்கும் சிலுவையை இறக்கிவிட்டால் உள்ளே தாராளமாகப் புல்லுக்கட்டு போடலாம். சுவருக்குப் பூச்சே கிடையாது. ஒரு வரிசை செங்கல் நீளவாட்டில், அடுத்த வரிசை குறுக்குவாட்டில் என்று நூற்றைம்பது வருஷமாகச் சுண்ணாம்புச் சாந்தில் சிவப்பாக நிற்கிறது.

கோபுரச் சுவரில் நாலடிக்கு ஒன்றாகச் சதுரத் துளைகள் உண்டு. காவல்காரருக்குப் பீரங்கியார் என்று பேர் வந்ததே அவற்றால்தான்.

“இதுக்குள்ள துப்பாக்கிய விட்டு வெள்ளைக்காரச் சிப்பாய் சுட்டான். நானூறு பேர் காலி!”

முப்பது வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தார். நாலு பேர் வந்தால் நானூறு, பஸ் பிடித்து வந்தால் நாலாயிரம். தாங்கித் தாங்கி நடக்கும் தன் இடது காலைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் காது கேட்காதவர் மாதிரி பீடத்துப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

கூரையைப் பழுதுபார்க்க ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். ஏணியில் ஏறி ஒரு துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புதுப் பாதிரியார் முன்னாலேயே கேட்டார்:

“இது சாரம் கட்ட விட்ட ஓட்டைங்க. உள்பக்கம் செங்கல்தான் இருக்கு. அப்ப உங்க சிப்பாய் வெளிய அந்தரத்துல நின்னு கோயிலையே சுட்டானா?”

பாதிரியாரின் முகம் சுவரைவிடச் சிவந்தது.

“ஞாயித்துக்கிழமை முப்பது பேர் வர்றாங்க. உண்மையச் சொல்றதா இருந்தா நீங்க சுத்திக் காட்டுங்க. இல்லைன்னா சாவியக் கொடுத்துடுங்க.”

சாவியோடு, பின்பக்கத்தில் அவர் மனைவியோடு குடியிருக்கும் இரண்டு அறைகளும் போய்விடும். அதைப் பாதிரியார் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு காலத்தில் கொத்தனாராக இருந்த பீரங்கியாருக்குச் சாரத் துளை தெரியாதா என்ன? அதைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதுதான் அவர் பயம்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேரும் வந்தார்கள். பாதிரியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பீரங்கியாரின் மனைவி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“இது சாரத் துளைங்க” என்று பீரங்கியார் மென்று விழுங்கினார். “பின்னால ரிப்பேர் பண்றவனுக்கும் ஆகட்டும்னு மூடாம விட்டிருக்காங்க. ரிப்பேர் வந்தப்ப நானே இதுல கம்பு சொருகினேன். ஒரு முழம் உள்ள போகணும். நாலு விரக்கடை சொருகிட்டு ஏறி நின்னேன், விழுந்துட்டேன். கால் போச்சு. பாவம் பார்த்து இந்த வேலையக் கொடுத்தாங்க.”

“அப்படி என்னண்ணே அவசரம்?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அவர் பயந்த கேள்வி வந்தேவிட்டது. பாதிரியாரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

“கீழ ஒரு பொண்ணு செங்கல் சுமந்துட்டு இருந்தா. அவ நிமிர்ந்து பாக்குறதுக்குள்ள மேல நின்னு காட்டணும்னு…”

துடைப்பச் சத்தம் நின்றது.

“அடப்பாவி மனுஷா! கம்பு உளுத்துப்போச்சுன்னுதானே இத்தனை வருஷமா என்கிட்ட சொன்னீங்க?”

முதலில் சிரித்தது பாதிரியார்தான். சாவியை அவர் கேட்கவே இல்லை. ஆனால் பீரங்கியாரின் மனைவி துடைப்பத்தோடு உள்ளேயே வந்துவிட்டார்.

“நான் எங்க நிமிர்ந்தேன்? தலையில பன்னெண்டு செங்கல்! தொப்புனு சத்தம் கேட்டுத்தான் உங்களத் திரும்பியே பாத்தேன்.”