பன்னிரண்டாவது தலை

"கால ஒதறாதடி. பலகை மாதிரி கெட, தண்ணி தாங்கும்." சொல்லிக்கொண்டே கலைமகள் தலைகளை எண்ணுகிறார். திட்டும்போதும் எண்ணுவார், சிரிக்கும்போதும் எண்ணுவார். உதடு மட்டும் அசையும்.

மற்ற நாட்களில் மன்னார்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாமணியாற்றுப் படித்துறை. ஊர் இளைஞர் மன்றம் என்றால் கைப்பந்தும் பொங்கல் விளையாட்டுப் போட்டியும்தான் என்றிருந்த இடத்தில், பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று போய் நின்றவர் இவர். வயது இருபத்தொன்பது. நைட்டிக்கு மேல் அண்ணனின் பழைய சட்டை. பிள்ளைகள் இடுப்பில் காலி எண்ணெய் கேன். எல்லோருக்கும் இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். தண்ணீரில் தலை சட்டென்று தெரிய வேண்டுமாம்.

இவரைப் பற்றி எழுத நான் பார்க்கப்போன அன்று பதினொரு பிள்ளைகள். ஆறு கலங்கலாக, கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு அவர் இரண்டாம் முறை எண்ணினார். "பன்னெண்டு வருது" என்றார். நான் சிரித்தேன்.

அந்தப் பன்னிரண்டாவது தலையில் ரிப்பன் இல்லை.

கலைமகள் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் என் முகத்தில் அடித்தது மட்டும் தெரியும். இரண்டு வயதிருக்கும், மஞ்சள் கவுன். உதடு நீலம். படியில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். நெஞ்சை ஒரு உள்ளங்கையால் அழுத்தினார். மறுபடி ஊதினார். பிள்ளைகள் கழுத்தளவுத் தண்ணீரிலேயே உறைந்து நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குழந்தை தண்ணீரைக் கக்கியது. பிறகு அழுதது.

ஆற்றங்கரையில் ஒரு கூக்குரல் இல்லை. யாரும் தேடி ஓடி வரவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. பிள்ளைகளைக் கரையேற்றி, நூற்றெட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆறு வரும் திசையில் மேற்கே நடந்தோம். மதகைத் தாண்டி ஒரு வயலில் குறுவை நடவு. எட்டுப் பெண்கள், குனிந்த முதுகுகள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வூட்டுப் புள்ளங்க அது?"

"தெரியல. ஆத்துல வந்துச்சு. உங்கள்ல யாரு புள்ளையாச்சும் காணுமா?" என்றார் கலைமகள்.

"எம் புள்ள அந்தா தூங்குது" என்று அவள் புங்கமரத்தைக் காட்டினாள். மரத்தடியில் விரித்த புடவை மட்டும் கிடந்தது. கையிலிருந்த நாற்றுமுடி நழுவிச் சேற்றில் விழுந்தது. நீட்டிய கையை மடக்காமலே நின்றாள். அவள் பெயர் அம்சம்.

இரண்டு நாளில் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியது. கலைமகள்தான் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாராம். "எண்ணாம வுட்டிருந்தா என்ன ஆயிருக்குங்க?" என்று என்னிடம் போனில் இரண்டு முறை கேட்டார்.

அடுத்த ஞாயிறும் போனேன். அம்சம் வந்திருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மார்பளவு தண்ணீர் வரை இறங்கினாள்.

கலைமகள் அருகே போய் அவள் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். அம்சம் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லப் பின்னால் சாய்ந்தாள்.