கட்டுவிரல் ரொட்டி

கல்பாக்கத்தில், அணுமின் நிலைய ஊழியர்களுக்குக் கட்டிய குடியிருப்பில், எங்கள் வீடு மேல் மாடியில் இருந்தது. கீழே எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்றில் ஜெஸ்ஸி ஆன்ட்டி, மற்றதில் கல்யாணி ஆன்ட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெஸ்ஸி வீட்டிலிருந்து ஒரு வாசனை படியேறி வரும். புளித்த மாவு வேகும் வாசனை. அதற்குள் மிளகும் புகையும் கலந்த இன்னொன்று. அந்த இன்னொன்று என்ன என்று பார்ப்பதற்காகவே, பால் வாங்க நான் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறேன்.

உள்ளே நடந்தது இதுதான். ஜெஸ்ஸியின் கணவர் செல்வராஜ் டர்பைன் பிரிவில் டெக்னீஷியன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சென்னைக்குப் போய் கோழிக்கறியை அரைத்துக் குழல்போல் அடைத்த சாசேஜ் வாங்கி, ஐஸ் நிரப்பிய வாட்டர் ஜக்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவார். ஒருமுறை பக்கத்து சீட்டுக்காரர் விக்கல் எடுத்து அந்த ஜக்கைக் கைகாட்டித் தண்ணீர் கேட்டுவிட்டாராம். ஞாயிறு விடிந்ததும் ஜெஸ்ஸி மைதாவில் பாலும் வெண்ணெயும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைப்பார். அது உப்பியதும் பெரிய சப்பாத்தியாகத் தேய்த்து, கத்தியால் நாடா நாடாவாகக் கீறி, ஒவ்வொரு சாசேஜையும் சாய்வாகச் சுற்றுவார். அடிபட்ட விரலுக்குத் துணி சுற்றுவதுபோல. பிளாக்குப் பிள்ளைகள் நாங்கள் அதனால்தான் அதற்குக் கட்டுவிரல் ரொட்டி என்று பெயர் வைத்தோம்.

சுற்றும்போது இரண்டு முனைகளையும் திறந்தே விடுவார். சாசேஜ் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஏன் மூடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். நான் அதிகம் பேசாத பிள்ளை என்பதால் என் கேள்விக்கு எப்போதும் நின்று பதில் சொல்வார்.

"உள்ள என்ன இருக்குதுன்னு வெளிய தெரியோணும் கண்ணு. மூடி வெச்சா வாயில போடறவங்களுக்கு ஒரு யோசனை வருமில்ல?"

ஜெஸ்ஸிக்குச் சொந்த ஊர் போத்தனூர். ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அங்கே பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் காலை இதைச் செய்வார்களாம். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தே கற்றுக்கொண்டதாகச் சொல்வார். "பார்த்ததுல பாதிதான் சரி. மீதி என்னோட தப்பு. அந்தத் தப்புதான் நல்லா இருக்குதுன்னு இவரு சொல்றாரு."

மகன் அபிஷேக்கின் பிறந்தநாள், சர்ச் காலை உணவு, பிளாக்கின் புத்தாண்டுக் கூட்டம் என்று எது வந்தாலும் கட்டுவிரல் ரொட்டிதான் முதலில் தீரும். ஆனால் எதிர்வீட்டுக் கல்யாணி மட்டும் தொட்டதில்லை.

கல்யாணிக்குத் திருக்கழுக்குன்றம். மலை அடிவாரத்திலேயே வீடு. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அந்த மாதிரி சமையல் நடக்கும் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதுவும் சாப்பிடுவதும் கிடையாது. இதை அவர் முகம் சுளித்துச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. "எங்க வூட்டுப் பழக்கம்" என்பார், அவ்வளவுதான். மற்றபடி இரண்டு பேரும் நாள் முழுக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசிக்கொண்டேயிருப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு எவர்சில்வர் டப்பா போய்வந்துகொண்டிருந்தது. அடியில் புள்ளி புள்ளியாகக் கல்யாணியின் பெயர் வெட்டிய டப்பா. பொங்கல், புளியோதரை, அதிரசம் என்று ஏதாவது நிரம்பி எதிர்வீட்டுக்குப் போகும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா? ஜெஸ்ஸி அதில் சமைத்த எதையும் போட முடியாது. அதனால் வாழைப்பழமோ கொய்யாவோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையோ போட்டுக் கொடுப்பார். எட்டு வருடம் அந்த டப்பா சோறாகப் போய்ப் பழமாகத் திரும்பியது. கல்யாணியின் கணவர் சதாசிவம் டப்பாவைப் பார்த்ததும், "இந்த வாட்டி இன்னா பழம்?" என்று கேட்பது எங்களுக்கு மேல் மாடி வரை கேட்கும்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் சதாசிவத்துக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை காலை, ஷட்டில் விளையாடும் இடத்தில் பிளாக்கே சேர்ந்து டிபன் சாப்பிடுவது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு பண்டம். அந்த வாரத்தில் ஒருநாள் நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கல்யாணி தன் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஜெஸ்ஸி, அந்த ரொட்டிக்குள்ள உருளைக்கிழங்கு வெச்சு சுத்த முடியுமா?"

"சுத்தலாம்க்கா. ஏனுங்க்கா?"

"சுத்துனா நான் சாப்புடறேன். எட்டு வருசமா மோந்துகினே கீறேன். ஊரை விட்டுப் போறதுக்குள்ள அது இன்னான்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

ஜெஸ்ஸி உள்ளே போய், வந்து, மறுபடி உள்ளே போனார்.

அந்த ஒரு வாரமும் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கிழங்குக்கென்று புதுப் பாத்திரம், புதுப் பலகை, புதுக் கத்தி வாங்கினார். ஞாயிறு காலை சாசேஜ் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே கிழங்கு ரொட்டிகளைச் சுற்றி முடித்தார். மேலே பூசுவதற்கு முட்டை வேண்டாம் என்று இரண்டுக்குமே பால்தான். அடையாளத்துக்கு ஒரு வழி செய்தார்: சாசேஜுக்கு எப்போதும்போல முனை திறந்திருக்கும்; கிழங்குக்கு இரண்டு முனையும் மூடி, தலையணை மாதிரி. இரண்டுக்கும் தனித்தனித் தட்டு.

அவர் வீட்டு ரவுண்டு அவன் என்ற சின்ன மின்அடுப்பில் ஒரு நேரத்துக்குக் கொஞ்சம்தான் வேகும். அதனால் கூட்டத்துக்குச் செய்வதென்றால் சதுரங்கப்பட்டினம் சாலையில் நரசிம்மன் பேக்கரிக்குத் தட்டுகளைக் கொண்டுபோவார்கள். விறகு அடுப்பு. வீட்டுப் பண்டங்களை வேகவைத்துத் தருவது அங்கே வழக்கம்தான். ஆனால் ரொட்டி வேன் கிளம்பும் வரை கடைச் சரக்குக்கே முதலிடம்.

செல்வராஜ் ஸ்கூட்டரில் தட்டுகளோடு போய் நின்றபோது நரசிம்மன் சொன்னாராம், "வேன் வந்துகினு கீது அண்ணாத்த. பிரெட்டு ஏத்திட்டு உன்னுத வெக்கிறேன். நீ வூட்டுக்குப் போய் நாஸ்தா துன்னுட்டு வா."

வேன் தாமதமாக வந்தது. மாவில் தூசி விழக் கூடாது என்று நரசிம்மன் அக்கறையாகத் தட்டுகளை அடுப்பின் மேல் திண்டில் வைத்து மூடினார். அது நல்ல சூடான இடம். ஈஸ்ட் போட்ட மாவு சூட்டில் காத்திருந்தால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. உப்பிக்கொண்டே போய், சாசேஜின் முனைகளை இரண்டு பக்கமும் விழுங்கிவிட்டது. வெந்து வந்தபோது எல்லாமே தலையணை. போதாததற்கு, எடுத்துப்போக வசதியாக இருக்கட்டுமென்று எல்லாவற்றையும் ஒரே பிரம்புக் கூடையில் கொட்டி, மேலே செய்தித்தாள் போட்டு மூடிக் கொடுத்திருந்தார்.

ஜெஸ்ஸி செய்ததிலேயே பார்க்க அழகாக வந்தவை அவைதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். பொன்னிறம், குண்டு குண்டாக, மேலே பளபளப்பு. கூடையைத் திறந்த ஜெஸ்ஸி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து நடந்ததைச் செல்வராஜ் பிறகு எங்கள் அப்பாவிடம் சொன்னார். செல்வராஜ் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாராம். "இதப் பாரு, மெத்துன்னு கீது. கிழங்கு. இது கெட்டி. சாசேஜ். இதுல இன்னா கஷ்டம்? மெத்துன்னு கீறதுல நாலு எடுத்துத் தனியா வை."

"எல்லாம் ஒண்ணா உருண்டிருக்குதுங்க. சாசேஜ் எண்ணெய் ஒட்டியிருக்குது பாருங்க."

"தொடச்சி வையி. யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்குங்க தெரியாது? நான் எங்க போயிட்டேன்?"

கூட்டம் கூடிவிட்டது. இட்லி, கிச்சடி, வடை எல்லாம் வரிசையாக இருந்தன. கல்யாணி பட்டுப்புடவையில், கையில் காலித் தட்டோடு, யார் எதை வைத்தாலும் "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிக்கொண்டிருந்தார். எதற்காக வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஜெஸ்ஸி கூடையை மேஜையில் வைத்துவிட்டு நேராக அவரிடம் போனார்.

"அக்கா, நீங்க இத எடுக்காதீங்க. எது எதுன்னு எனக்கே தெரியல. எல்லாம் கலந்து போச்சு."

கல்யாணி கூடையைப் பார்த்தார். "எல்லாமேவா?"

"எல்லாமேங்க்கா."

"சரி, வுடு" என்று சொல்லிவிட்டு, கல்யாணி இட்லி வரிசைப் பக்கம் நடந்தார்.

மற்றவர்களுக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது. கடித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். பிளாக்குச் செயலாளர் திருநாவுக்கரசு சார் மூன்றாவதைக் கடித்துவிட்டுக் கத்தினார். "மறுபடியும் கிழங்குயா! நான் யாருக்கு இன்னா பாவம் பண்ணேன்?"

"லஞ்சம் வாங்காத கையி சார், சைவந்தான் வரும்" என்றார் சதாசிவம். அப்படிச் சிரித்தார்கள். ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. கூடை காலியானதும் அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் லாரி வந்து சாமான் ஏற்றிப் போயிற்று. கல்யாணி வீட்டில் அடுப்பும் இல்லை, ஒரு தம்ளரும் இல்லை. குடும்பம் முதலில் திருக்கழுக்குன்றம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. அம்மா என்னிடம் பிளாஸ்க்கில் காபி கொடுத்து அனுப்பினாள். கல்யாணி தன் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஜெஸ்ஸி, என் டப்பா உங்கிட்ட கீது."

போன வாரம் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்த டப்பா. ஜெஸ்ஸி அதைக் கழுவித் துடைத்துக் கையில் எடுத்தார். பழக்கூடையைப் பார்த்தார். அன்றைக்கென்று அதில் ஒன்றும் இல்லை. சர்க்கரை டின்னைத் திறந்தார். காலை வேலையில் அதுவும் வழித்தெடுத்தாயிற்று.

"காலியா எப்படிக்கா குடுப்பேன்?" அவர் குரல் உடைந்துவிட்டது. ஒரு டப்பாவுக்காக அழுகிறார் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

கல்யாணி செருப்பைக் கழற்றினார். சமையலறை வாசல்படி வரை வந்தார். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே வந்து மேடையில் ஈரத்துணி மூடியிருந்த புதுப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"அது இன்னா?"

"மாவு மிச்சம். கிழங்கு வேலைக்குப் பிசைஞ்சது."

"கிழங்கு?"

"கொஞ்சம் இருக்குதுங்க்கா. ஆனா அவன்ல சாசேஜும் வெந்திருக்குது. அதுல உங்களுக்கு வேகவெக்க மாட்டேன்."

"இட்லிப் பானையில?"

ஜெஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "இட்லிப் பானையில இட்லி மட்டுந்தான். ஆனா இத வெச்சதே இல்லீங்க்கா. என்னாகும்னு தெரியாது."

"எனக்கும் தெரியாது. வையி, பாக்கலாம்."

கல்யாணியே கை கழுவி, புதுப் பலகையில் மாவைத் தேய்த்தார். ஜெஸ்ஸி நாடாவாகக் கீற, கிழங்கைக் கட்டைவிரல் தடிமனுக்குப் பிடித்து, சேலை மடிப்பதுபோல நிதானமாகச் சுற்றினார். முனையை மூடப்போன ஜெஸ்ஸியின் கையைத் தட்டிவிட்டார்.

"தொறந்தே கீட்டும். உள்ள இன்னா கீதுன்னு தெரியணும்."

பானையை மூடியபின் இரண்டு பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பிளாஸ்க்கோடு நின்றேன். கல்யாணி திடீரென்று சொன்னார்.

"காலையில நீ பேசாம குடுத்திருந்தா நான் துன்னுட்டுப் போயிருப்பேன்டி."

"அதனாலதாங்க்கா குடுக்கல."

வெளியே கார் ஹாரன் அடித்தது. "கல்யாணி!" என்று சதாசிவத்தின் குரல். கல்யாணி கண்டுகொள்ளவில்லை. ஜெஸ்ஸி மூடியைத் திறந்தார். ஆவி அடங்கியதும் பார்த்தால், ரொட்டிகள் வெளுத்து, நோயாளி விரல் மாதிரி படுத்திருந்தன. பொன்னிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கல்யாணி ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்தார். மெதுவாக மென்றார். ஜெஸ்ஸி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க்கா?"

"உப்பு பத்தல." இன்னும் கொஞ்சம் மென்றார். "வெளிய மாவு ஈரத்துணி மாதிரி கீது. இதுக்கா பிளாக்கே அடிச்சிக்கிது?"

ஜெஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அவன்ல செவந்து வரும்க்கா, நெசமா!"

"வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டே கல்யாணி இரண்டாவதை எடுத்தார்.

மிச்சம் மூன்று இருந்தன. ஜெஸ்ஸி அவற்றை வாழையிலைத் துண்டில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினார். இரண்டு பேரும் வாசல் வரை வந்தார்கள். கல்யாணி என் கன்னத்தைத் தட்டிவிட்டு, காபியை மறந்து, காரில் ஏறினார்.

முன் சீட்டிலிருந்து சதாசிவம் திரும்பிப் பார்த்தார். "இந்த வாட்டி இன்னா பழம்?"

டப்பா சூடாக இருந்திருக்க வேண்டும். கல்யாணி முந்தானையை மடித்துக் கீழே வைத்து, அதை மடியில் இருத்திக்கொண்டார்.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.