பன்னிரண்டாவது ஞாயிறும் ஒரு தட்டு இறாலும்

இறாலின் முதுகைக் கீறிக் கருப்பு நரம்பை உருவியதும் அவர் அதைத் தட்டில் போட்டுவிடுவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெற்றியில் மாட்டியிருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, கீறல் தலைமாட்டிலிருந்து வால்வரை ஒரே ஆழத்தில் போயிருக்கிறதா என்று பார்க்கிறார். பதினேழாவது இறாலில் கத்தி நூலளவு இடப்பக்கம் விலகிவிட்டது. ‘ப்ச்’ என்று அதைத் தனியே ஒதுக்கினார்.

“அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று சமையலறை வாசலில் நின்ற மனைவி கேட்டாள்.

“அதை நான் சாப்பிட்டுக்கறேன். வெளியில அனுப்புற மாதிரி இல்ல.”

“பத்து நிமிஷச் சமையல்னு சொன்னீங்க. மணி ஆறரை ஆகுது.”

“சமையல் பத்து நிமிஷம்தான். இது இன்னும் சமையல் ஆகல.”

தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் ஈறு அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகு கட்டி, பல் பதிக்கிற வேலை. முப்பத்தொரு வருடமாக ஒரே மேஜை, ஒரே விளக்கு. வாய்கள் அவரிடம் அட்டைப்பெட்டியில் வரும்; பெட்டிமேல் ஒரு எண் இருக்கும், முகம் வராது. “நாலாயிரத்து நூத்தி பன்னெண்டா? வலப்பக்கமா மெல்ற ஆளு. கோவக்காரரு. மிச்சம் இருக்கற பல்லைக் கடிச்சே தேச்சிருக்காரு” என்று ஒருவரின் குணத்தையே எடுத்து வைப்பார். அந்த ஆள் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்த ஆள் கொட்டாவி விட வேண்டும்.

யார் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். “முதன்முதல்ல என்னைப் பாத்தப்பகூட என் முன்பல்லு நடுவுல இருக்கற இடைவெளியைத்தான் பாத்தாரு. நான் என்னமோ வெக்கப்படறாருன்னு நெனச்சேன்” என்று மனைவி இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

தொழிலில் அவருக்கென்று ஒரு கிறுக்கு உண்டு. எந்த செட் செய்தாலும் மேல்வரிசையில் இடப்பக்கத்து இரண்டாவது பல்லை ஒரு மயிரிழை உள்வாங்கித் திருப்பி வைப்பார். மற்றவர்கள் சோழியைக் கோத்ததுபோல் நேராக அடுக்குவார்கள். “நேரா நிக்கற பல்லு பொய் சொல்ற பல்லு” என்பது அவர் வாக்கு. லேப் முதலாளி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இவ்வளவு செய்தவர், தான் செய்த பல்லால் ஒருவர் ஒரு பண்டத்தைக் கடிப்பதை இதுவரை பார்த்ததில்லை. பெட்டியில் வந்தது பெட்டியிலேயே போய்விடும். அது எங்கோ ஒரு மேஜையில் எதையோ மென்றுகொண்டிருக்கும் என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. நம்பிக்கையை வைத்துக்கொண்டு மனிதன் எத்தனையோ காரியங்கள் செய்கிறான். இவர் பல் செய்தார்.

ஆகவே மூன்று மாதத்துக்கு முன் மாமியாருக்கு செட் செய்ய வேண்டி வந்தபோது இரண்டு நாள் லீவு போட்டு, முப்பத்தொரு வருடத்துக் கைத்திறனையும் அந்த இரண்டு தாடைகளில் இறக்கினார். மாமியார் அதை ஒருநாள் போட்டுப் பார்த்தார். “யாரோ என் வாய்க்குள்ள குடித்தனம் வந்த மாதிரி இருக்கு” என்று கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டார். அன்றிலிருந்து அது அவர் அறை ஜன்னலோரம் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. மாமியார் மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும், இரவுக் கஞ்சி முடிந்ததும், பழுது பார்ப்பது நடக்கும். மாமியார் மடியில் துண்டு விரித்து ஜன்னல் நாற்காலியில் உட்காருவார். இவர் எதிரே ஸ்டூல் போட்டுக்கொண்டு, நீலத்தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அந்த மேட்டைச் சின்ன மோட்டாரால் தேய்த்துக் கொடுப்பார்.

“இப்போ எப்படி இருக்கு அத்தை?”

“இந்தப் பக்கம் சரியாயிடுச்சு மாப்பிள்ளை. அந்தப் பக்கம் வந்துடுச்சு.”

இப்படிப் பதினொரு ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். மோட்டார் ஓடுகிறவரை மாமியார் இரண்டாம் மாடிக்காரியின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் பூனைக்கு எதிராக அவள் புருஷன் எழுதிக் கொடுத்த புகார், அதற்குப் பூனையின் சார்பில் அவள் எழுதிய பதில், இப்படிப் போகும் கதை. மற்ற ஆறு நாளும் இவர் “சாப்பிட்டீங்களா அத்தை?” என்பார், அவர் “ஆச்சு மாப்பிள்ளை” என்பார். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல் இல்லாமல் மாமியார் பேசுவது பெற்ற மகளுக்கே பாதிதான் விளங்கும். ஆனால் ஈறை வைத்தே உலகத்தைப் படித்த பல்செட்காரருக்கு ஒரு எழுத்து தப்பாது. மாமியாரோ மருமகனைப் பற்றிய குறையை நேரே சொல்லிவிடுகிற ஆள் இல்லை, மரியாதை தெரிந்தவர். மகளைப் பார்த்துத்தான் சொல்வார். அதனால் அந்த வீட்டில் வசவு ஒரு விசித்திரமான பாதையில் போகும்.

பன்னிரண்டாவது ஞாயிறான இன்றும் அப்படித்தான். வெண்ணெய் உருகும் வாசனை அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமியார் எழுந்து வந்து சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு மகளிடம் ஏதோ சொன்னார்.

“என்னங்க சொல்றாங்க?” என்று மனைவி இவரைக் கேட்டாள்.

“உனக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. நான் அடுப்புகிட்ட நிக்கறேனாம்.”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. உனக்காகத்தான் எறா வதக்கறாரு. பல்லு போட்டு ரெண்டு கடிச்சுப் பாப்பியாம்.”

மாமியார் இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொன்னார்.

“இப்போ?”

பல்செட்காரர் பூண்டு நறுக்கிக்கொண்டே, செய்தி வாசிப்பவரைப்போல, ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார். “ஊருக்கெல்லாம் பல்லு கட்டினவருக்கு வீட்டுல ஒரு பல்லு ஒழுங்காக் கட்டத் தெரியலையாம். இப்போ எறாவை வெச்சு சமாளிக்கப் பாக்கறேனாம். எறா ரப்பராட்டம் இருந்தா அதையும் ஓட்ஸ் கஞ்சியில கரைச்சுத்தான் குடிக்கணுமாம்.”

“அம்மா!”

“இரு, இன்னும் இருக்கு. ஏழு மணி வரைக்கும்தான் காத்திருப்பாங்களாம்.”

மாமியார் மொழிபெயர்ப்பில் குறையில்லை என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

இறாலைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பல்லுக்கு வேலை உண்டு, ஈறுக்கு வலி இல்லை. லேபில் பிளாஸ்டர் கலக்கிற மேஜைக்காரி சொல்லிக் கொடுத்த பக்குவம். இறாலை ஈரம் போகத் துடைக்கணும், வாணலி காய்ந்திருக்கணும், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பணும், பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம். வெந்ததற்கு அடையாளம் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். “கீழ்த்தாடை மாதிரி வளையும்போது எடுத்துடணும். மோதிரமா மூடிக்கிச்சுன்னா ரப்பரு.” அரை நிமிஷம் பிசகினால் பழி இறால்மேல் விழாது, பல்மேல்தான் விழும். முப்பத்தொரு வருடமும் அந்த அரை நிமிஷத்தில் நின்றுகொண்டிருந்தது.

வெண்ணெயில் பூண்டைப் போட்டுவிட்டு எலுமிச்சம்பழத்துக்காக ஃபிரிட்ஜைத் திறந்தார். பால் பாக்கெட்டுக்குப் பின்னால் டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்தார். பாதி ஆப்பிள். கடித்த இடம் இன்னும் சரியாகப் பழுப்பேறவில்லை. மத்தியானம் அவரும் மனைவியும் இறால் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது கடித்தது.

பூதக்கண்ணாடி தானாகக் கண்ணுக்கு இறங்கியது.

மனைவி கடித்திருந்தால் நடுவில் சின்ன வரப்பு ஒன்று நின்றிருக்கும், இல்லை. இவருக்கோ ஆப்பிளை நினைத்தாலே பல் கூசும். மேல்வரிசைத் தடம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தது, இடப்பக்கத்து இரண்டாவது பல் மட்டும் ஒரு மயிரிழை உள்வாங்கித் திரும்பியிருந்தது. உலகத்தில் அப்படி ஒரு பல்லை வேண்டுமென்றே வைக்கிற ஆள் ஒருவர்தான். அவர் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தது பெருமை. ஆப்பிள்! பல்செட்டால் ஆப்பிளை நேராகக் கடிப்பதென்றால் சாதாரணமா? தோல் எங்கும் கிழியாமல், வெட்டினாற்போல் இறங்கியிருக்கிறது. அடுத்த கணம் பதினொரு ஞாயிறும் வரிசையாக வந்து நின்றன. நீலத்தாள், மோட்டார், இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம் வந்துடுச்சு. ஓட்ஸ் கஞ்சியாம், ஓட்ஸ் கஞ்சி!

“என்னங்க, கருகுது!”

பூண்டு தார்போல் ஆகியிருந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். “பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. மறுபடியும் ஆரம்பிக்கணும்.” ஆப்பிளை டிஷ்யூவில் சுற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். பை புடைத்தது. சாட்சியம் கையில் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னிலையிலும், இறால் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

கோபம் அவருக்கு நல்லது செய்தது. மிச்சமிருந்த பூண்டைப் பூதக்கண்ணாடி இல்லாமல் தட்டி நறுக்கினார். இந்தத் தடவை இறால் முதலில், பூண்டு பிறகு. வாணலி சீறியது. கால் நிமிஷம் முன்னே பின்னே என்றெல்லாம் பார்க்கவில்லை. தாடைகள் வளைந்தன, அள்ளினார். தீயைத் தணித்து, புது வெண்ணெய், பூண்டு, வாசனை கிளம்பியதும் இறாலை மறுபடி கொட்டி ஒரு புரட்டு. அடுப்பை அணைத்து எலுமிச்சை, மிளகுத்தூள். ஏழு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. சமையல் நிஜமாகவே பத்து நிமிஷம்தான்.

டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு போய் மாமியார் தட்டுக்கு முன்னால் வைத்தார். “ஒண்ணே ஒண்ணு அத்தை. பிடிக்கலன்னா கஞ்சி இருக்கு.”

மாமியார் சலித்துக்கொண்டார். பிறகு பல்லை எடுத்தார். மேல்தாடை ஒரு தள்ளு, கீழ்த்தாடை ஒரு தள்ளு, ‘டக்’. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறவர் போடுகிற மாதிரி இல்லை. வீட்டுச் சாவியை வைத்துக் கதவைத் திறப்பதுபோல் இருந்தது. பல்செட்காரர் அதையும் கவனித்துக்கொண்டார். கை ஏப்ரன் பைமேல் இருந்தது.

மாமியார் இறாலை முள்கரண்டியில் குத்தி, வாலுக்கு அருகே கடித்தார்.

அவர் முப்பத்தொரு வருடமாகக் கற்பனை செய்துவைத்திருந்தது வேறு. அதில் ஏதோ பெரிய சத்தம் இருந்தது. இங்கே சத்தமே இல்லை. பல் இறங்கியது, இறால் இரண்டானது, தாடை இடமும் வலமும் சமமாக அரைத்தது. கரண்டியில் மிஞ்சிய பாதியில் அந்தத் திரும்பிய பல்லின் தடம் இருந்தது. மாமியார் அந்தப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டு இரண்டாவதைக் குத்தினார். ரொட்டியை வெண்ணெயில் துடைத்து அதன் மொறமொறப்பான ஓரத்தையும் கடித்தார். இவர் பூதக்கண்ணாடியை நெற்றியிலேயே வைத்துக்கொண்டு, மீன்கடை முன் நிற்கும் பூனை மாதிரி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சாப்பிடலையா? ஆறுது பாருங்க” என்றாள் மனைவி. அவர் தட்டில் அந்தப் பதினேழாவது இறால் தொடாமல் கிடந்தது. “பல்லு சரியாயிடுச்சு போலிருக்கேம்மா! நல்லதாப் போச்சு. இனிமே ஞாயித்துக்கெழம அவருக்கும் ஓய்வு, உனக்கும் தொல்லை இல்ல.”

மாமியாரின் தாடை நின்றது. ஏழாவது இறால் பாதி வழியில் இருந்தது. அவர் அதை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, மகளைப் பார்க்காமல், அன்று முதல் தடவையாக நேரே மருமகனைப் பார்த்துப் பேசினார். பல் இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் மணிமணியாக விழுந்தது.

“எறா பரவாயில்ல மாப்பிள்ளை. ஆனா இடது பக்கம் இன்னும் உறுத்துது.”

“எங்கம்மா உறுத்துது? ரொட்டி ஓரத்தையே கடிச்சியே!”

“உனக்கென்ன தெரியும்? வாய் என்னோடது.” இதைச் சொல்லும்போதும் மாமியார் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பூனை கேஸ் வேற பாதியில நிக்குது. போன வாரம் சொல்லி முடிக்கல.”

பல்செட்காரர் அன்றுதான் மாமியாரின் வாயை விட்டுக் கொஞ்சம் மேலே, கண்ணைப் பார்த்தார். அவருக்குப் பழக்கமில்லாத இடம். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பார்வையை உடனே இறக்கிக்கொண்டார்.

எழுந்து சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜைத் திறந்து, ஏப்ரன் பையிலிருந்ததை எடுத்து, டிஷ்யூவை ஒழுங்காகச் சுற்றி, பால் பாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வைத்தார்.

திரும்பி வந்தபோது மாமியார் ஜன்னல் நாற்காலியில் மடியில் துண்டோடு தயாராக உட்கார்ந்திருந்தார். ஸ்டூல் எதிரே இழுத்துப் போடப்பட்டிருந்தது. பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, மனைவிக்கு விளங்காத அந்தப் பேச்சில் பூனையின் கதையைத் தொடங்கினார். “ம்?” என்றார் இவர். “அப்புறம் நீதி கெடச்சுதா அத்தை, பூனைக்கு?”

மோட்டாரை ஓடவிட்டார். பல்லை இடது கையில் விளக்குக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடியை இறக்கி, சுழலும் முனையை அதிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் காற்றில் நிறுத்தி, அரை மணி நேரம் நிதானமாகத் தேய்த்தார்.