கழுத்துப்பட்டி தைத்தவளின் சொல்

வாஸ்கா ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தால் ஷ்டிப் நகரத்து விற்பனைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கோட்டைக் கையில் எடுத்தால் போட்டுப் பார்க்க மாட்டாள். உள்பக்கத்தை வெளியே இழுத்துப் போடுவாள். ஓரத்தில் பிரித்துவிடத் துணி இருக்கிறதா, பொத்தான் காம்புக்கு நூல் சுற்றியிருக்கிறதா, கம்பளி என்று சொல்வது கம்பளிதானா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் கோட்டில் தொங்கும் அட்டையைப் படிப்பாள்.

"பச்சை இலை போட்டிருக்கு. பூமிக்கு நல்லதுன்னு போட்டிருக்கு. எந்த ஆலையில தச்சதுன்னு எங்கே போட்டிருக்கு?"

"அதெல்லாம் போட மாட்டாங்க அக்கா."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

ஆலையின் பெயர் தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம். அந்தப் பக்கத்து ஊர்களில் எந்தத் தையல் ஆலையிலும் அவளுக்கு ஓர் உறவு உண்டு. ஒன்றில் சித்தியின் மருமகள், இன்னொன்றில் ஞானத்தாயின் பேத்தி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலையில் மூத்த நாத்தனாரின் சம்பந்தி. போனைப் போட்டுக் கேட்பாள்: சனிக்கிழமை கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வெயில் காலத்தில் யாராவது மயங்கி விழுந்தார்களா? பதிலைக் கேட்டுவிட்டு வாங்கலாம், வேண்டாம் என்பாள். இலையுதிர் காலத்தில் ஊறுகாய்க்காக முற்றத்தில் மிளகாய் சுடும்போது பக்கத்து வீட்டு மென்கா முதல் எல்லாப் பெண்களும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் குளிருக்குத் துணி வாங்குவார்கள்.

அவள் வேலை செய்யும் ஆலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. அங்கே இருபத்தொன்பது வருஷமாகக் கோட்டுக்குக் கழுத்துப்பட்டி வைக்கிறாள். ஆகஸ்ட் வெயிலில் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு தைக்க வேண்டும். நாற்பது பெண்களுக்குக் கழிப்பறைச் சாவி ஒன்றே ஒன்று, மரக்கட்டையில் கட்டித் தொங்கும். ஒருத்தி போய் வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம்.

போன மார்ச்சில் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு பெண்ணை ஆலையைப் பார்க்க அனுப்பியது. அதற்கு முந்தின நாள் மேற்பார்வைக்காரி லிதியா சாவிக்கட்டையைக் கழற்றி மேஜைக்குள் போட்டாள், சோப்பு வாங்கி வைத்தாள். லிதியா வேறு யாருமில்லை, வாஸ்காவின் ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி.

"அக்கா, உன்னைத்தான் கேப்பாங்க, நீதான் மூத்தவ. இந்த ஆர்டர் போச்சுன்னா நாப்பது பேரும் வீட்டுக்குத்தான்."

வந்த பெண் கேட்டாள். சனிக்கிழமை விருப்பப்பட்டுத்தான் வருகிறோம் என்றாள் வாஸ்கா. நினைத்தபோது எழுந்து போகலாம் என்றாள். அந்தப் பெண் நல்லவள், எழுதும்போது சிரித்தாள்.

டிசம்பரில் மகள் பிசேராவுக்குப் பதிவுத் திருமணம் நிச்சயமானது. பனியில் நகராட்சிப் படியில் நின்று படம் எடுக்க நல்ல கோட்டு வேண்டும். இரண்டு சனிக்கிழமை கடைகடையாக அலைந்தார்கள். வாஸ்கா எதற்கும் தலையசைக்கவில்லை.

"அம்மா, நீ சொல்றதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துடுவான்!"

மூன்றாவது வாரம் பிசேரா, இலைப் பட அட்டை தொங்கும் திராட்சை நிறக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அவளுக்கென்றே வெட்டியது போல இருந்தது. அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து போனை நீட்டினாள்.

"நீ கேக்கறதெல்லாம் இருக்கும்மா. சுத்தக் கம்பளி. கிழிஞ்சா அவங்களே தச்சுத் தருவாங்க. இப்ப ஆலைப் பேரு கூடப் போட்டிருக்காங்க, பாரு. உன் ஆலைதான்!"

விற்பனைப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். "ஆய்வுல நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க் அக்கா. தொழிலாளிங்களையே நேர்ல கேட்டாங்களாம்."

வாஸ்கா கழுத்துப்பட்டியின் முனையைத் தடவினாள். அவள் வைத்ததுதான். கால் கடுத்தது. அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, வாங்கலாமா?"

"தையல் நல்லாயிருக்கு. துணி நல்லாயிருக்கு. மத்தது பொய்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த மார்க்கு நான் போட்டது."

பிசேரா போனைப் பைக்குள் போட்டாள். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"உன் லிதியா சித்தி சொல்லச் சொல்லிக் கேட்டா. நீ அப்பப் படிச்சுக்கிட்டிருந்தே, எனக்கு வேலை வேணும். இப்ப நீ கேக்கற."

பிசேரா கோட்டைக் கழற்றி, தோள்பட்டை சுருங்காமல் திரும்ப மாட்டினாள்.

வெளியே வரும்போது மென்கா போனில் கூப்பிட்டாள். "வாஸ்கா, அந்த இலைப் படக் கம்பெனிக் கோட்டு மருமகளுக்கு எடுக்கலாமா? உங்க ஆலைல தச்சதாமே, கேக்கவே வேண்டாம்ல?"

"எடுக்காதே. ஏன்னு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

மென்காவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள் லிதியா காதுக்குப் போய்விட்டது.

பிசேரா அம்மாவின் பழைய சாம்பல் நிறக் கோட்டில்தான் கல்யாணம் செய்துகொண்டாள். வாஸ்கா அதன் கழுத்துப்பட்டியைப் பிரித்துப் புரட்டித் தைத்திருந்தாள். விருந்தில் பிராந்திக் கோப்பையோடு லிதியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மார்ச்சுல மறுபடி வராங்க. என்ன சொல்லப் போறே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்."

"நாப்பது பேரோட வேலை, அக்கா."

"நாப்பது பேருக்கும் ஒரே சாவி, லிதியா. நீயும் அந்த வரிசையில நின்னவதானே."

லிதியா கோப்பையைக் குடிக்காமலே மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். வாஸ்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். ஆட வரச் சொல்லிப் பிசேரா கையை ஆட்டினாள். வருகிறேன் என்று தலையசைத்தாளே தவிர, எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.