காகத்துக்கு வைத்த சோறு

என் கணவர் இறந்தபோது நான் அழவில்லை. அவர் போய் ஒரு மாதத்தில் வந்த முதல் மாசியப் படையலுக்கு, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் கை தன்பாட்டில் சமைத்தது. ஸ்ட்ரெதமில் எங்கள் மாடி வீட்டில் பறவைகளுக்குச் சாப்பாடு வைக்க விடமாட்டார்கள். அதனால் மகள் என்னைக் காரில் ஏற்றி, லண்டனுக்கு வெளியே ஒரு சின்னக் காட்டுக்குக் கூட்டிப்போனாள்.

வெட்டிய மரமொன்றின் அடிக்கட்டையில் வாழையிலை விரித்துப் படைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். காகம் கிளையில் இருந்து பார்த்ததே தவிர இறங்கவில்லை. எங்கிருந்தோ ஓடிவந்த நாயொன்று எல்லாவற்றையும் தின்று இலையை நக்கியது.

நாயின் பின்னால் வந்த வெள்ளைக்காரக் கிழவர் பதறிப்போய், யாருடைய சாப்பாடு என்று கேட்டார். இறந்துபோன அப்பாவுடையது என்று மகள் சொன்னாள். அவர் தன் பையிலிருந்த சீஸ் சாண்ட்விச்சில் பாதியை இலையில் வைத்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

காகம் உடனே இறங்கிக் கொத்தியது.

"அம்மா, அப்பா வந்திட்டார்" என்று மகள் அழுதாள்.

"ஓம் பிள்ளை. ஷிப்டுக்குப் போனா அப்பா அதைத்தானே சாப்பிடுறவர்."

வேலைசெய்த பெற்றோல் ஷெட்டில் கறி மணக்கும் என்று என் கணவர் சோறு கொண்டுபோனதேயில்லை. நான்தான் இரண்டு பாண் துண்டுக்குள் சீஸை வைத்துச் சுற்றிக் கொடுப்பேன்.

காகம் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். கிழவர் மற்றப் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். வாயில் ஒரு ருசியும் தெரியவில்லை. இத்தனை வருடம் இதைச் சாப்பிட்ட என் கணவருக்கு ருசி தெரிந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.