கவர் அக்கா

கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, காரின் பானெட்டைத் தடவுகிறாள். பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் "ஷ்ஷ்!" என்று ஒரு அதட்டல். காதாலா தடவுகிறாள் என்று கேட்கத் தோன்றும், கேட்டுவிடாதீர்கள். வெறுங்கைக்கு வழவழவென்று இருக்கும் பெயின்ட், கவர் போட்ட கைக்கு மட்டும் சொரசொரவென்று தன் குட்டைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். கார் கழுவும் கொட்டகைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில், அவளுக்குக் கவர் அக்கா என்று பெயர் விழுந்தது இப்படித்தான்.

சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருப்பாள். பொத்தான் உரசி வண்டியில் கோடு விழுந்துவிடக் கூடாதே! முதல்முறை வருகிறவர்கள், பாவம், அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தரையில் விழுந்த துணியை அவள் மறுபடி வண்டிமேல் வைத்து யாரும் பார்த்ததில்லை. அது அதோடு டயர் துடைக்கப் போய்விடும்.

அவள் வேலையே கழட்டுவதுதான். பளபளப்புக்காகப் பூசிய மெழுகும் சீலன்ட்டும் நாளாக ஆக மங்கி, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோப்பு நுரையில் ஊறவைத்து, மிருதுவான களிமண் கட்டியால் தேய்த்தெடுத்து, கடைசியாக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வெறும் பெயின்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதுசு பூசுவாள். "குளிக்காம பவுடர் போட்டுக்கற கதைதான் மத்தவங்க செய்யறது" என்பாள், பக்கத்துக் கொட்டகைக்குக் கேட்கிற மாதிரியே.

கொட்டகையைச் சொந்தமாகத் திறந்து நான்கு மாதம். ஆறு கார் வைத்திருக்கும் டிரைவிங் ஸ்கூல் மேடம், அதில் ஒன்றை மட்டும் சோதனைக்கு அனுப்பியிருந்தார். இது பிடித்துப்போனால் மற்ற ஐந்தும் இங்கே வரும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு மறுபடி எவனிடமாவது கூலிக்குப் போக வேண்டியதுதான். அவள் கணவன் காலையிலிருந்து வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மதியம் பானெட்டில் மேல் பூச்சு கழன்றதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அடியில், மஞ்சளித்த பழைய மெழுகைக் கழட்டாமலே அதன்மேல் சீலன்ட் பூசியிருந்தது. எட்டு எட்டாகத் தேய்த்த தடம். தெருவே வட்டமாகத் தேய்க்கும். எட்டுப் போட்டுத் தேய்ப்பவள் இவள் ஒருத்திதான். பழைய முதலாளி ஒரு நாளைக்குப் பத்து வண்டி என்று விரட்டிய காலத்தில், பழசின்மேல் புதுசைப் பூசித் தள்ளியது சாட்சாத் இவளேதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து மேடம் வந்து நின்றார்.

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ! ரெண்டே வருஷத்துல வண்டிக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிடுச்சு."

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாலேயே கெஞ்சினான்: சும்மா இரேன்!

"புண்ணியவான் இல்ல மேடம், புண்ணியவதி. நான்தான்."

"என்னது?"

"முன்னாடி நீங்க வண்டி விட்ட கொட்டகைலதான் வேலை பார்த்தேன். அவசரத்துல பழசைக் கழட்டாம மேலயே பூசிட்டேன். இந்தத் தடம் என் கை. தப்புன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்." வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

மேடம் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். காலையில் அவள் முழுசாகக் கழட்டி முடித்திருந்த கதவில் விரலை வைத்து, மேலிருந்து கீழே இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். கணவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். போச்சு, எல்லாம் போச்சு.

"நான்தான் பேசறேன். மத்த அஞ்சையும் நாளைலேருந்து ஒண்ணொண்ணா இங்க கொண்டாந்து விடு. ஆமா, இங்கதான். அதுங்களும் இவங்க கைவரிசையாத்தான் இருக்கும். பூசினவங்களே கழட்டட்டும்."

கவர் அக்கா காரின் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காலையிலேயே துடைத்து முடித்த பம்பரை, தலையைத் தூக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.